பாயும் கயிறும்: தமிழ் மரக்கலச் சொற்களை மதிப்பிடும் முறை குறித்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழரின் கடலோடும் மரபை நிறுவ முற்படும் ஆய்வுகள் பெரும்பாலும் கலத்தின் பெயர்களைத் தொகுப்பதோடு அமைகின்றன. கலத்தின் மேல்தளத்தில் நின்று தொழில் செய்வோர் வழங்கிய சொற்கள் உரிய கவனம் பெறவில்லை. அவற்றுட் பல பிறமொழித் தொடர்புடையன என்பதால் ஒதுக்கப்படுவதும் உண்டு. சங்கப் பாடல்கள், அகராதி, கடற்கரை வழக்கு, தற்காலப் புதினம் ஆகியவற்றில் பயிலும் மரக்கலச் சொற்களை இக்கட்டுரை ஒப்பிட்டு நோக்குகிறது. கடலோட்டத்தின் சான்றைச் சொல்லின் தூய்மையில் தேடுவதினும், அது செய்யும் தொழிலிலும் அது அடைந்த பொருள் மாற்றத்திலும் தேடுவதே பொருந்தும் என்பது இதன் கருதுகோள்.

குறிச்சொற்கள்: மரக்கலம், கூம்பு, இதை, தாமான், தண்டல், மாலுமி, நெய்தல், கடற்கரை வழக்கு, அகராதியியல்

முன்னுரை

மரக்கலம் பற்றிய தமிழ்க் கட்டுரைகள் பலவும் ஒரு பட்டியலோடு தொடங்குவது வழக்கம். அம்பி, ஓடம், கலம், திமில், தோணி, நாவாய், பஃறி, புணை, வங்கம், வள்ளம் என நீளும் அப்பட்டியல் நிகண்டுகளின் வழி வந்தது. இத்தனை பெயர்கள் உள்ளமையால் தமிழர் சிறந்த கடலோடிகளாக இருந்தனர் என்ற முடிவு அடுத்து வரும். முடிவு சரியானதாக இருக்கலாம். அதற்குக் காட்டப்படும் சான்று போதாது. கலத்தின் பெயரைக் கரையில் நிற்பவரும் அறிவார். பாயை ஏற்றும் கயிறு எது, காற்று மிகும்போது தளர்த்த வேண்டிய கயிறு எது என்பதைக் கலத்தில் நிற்பவரே அறிவார். ஒரு மக்கள் கூட்டம் கடலில் சென்றது என்பதற்கு இவ்விரண்டாம் வகைச் சொற்களே நெருங்கிய சான்று.

அவ்வகைச் சொற்களைத் திரட்டினால் வேறோர் இடர்ப்பாடு எழுகிறது. சுக்கான், மாலுமி, நங்கூரம், தாமான் ஆகியவற்றை அகராதிகள் அரபு, பாரசீகச் சொற்களோடு இணைக்கின்றன. ஆகவே, பெருமை பேசும் ஆய்வுகள் இவற்றைத் தவிர்த்துவிடுகின்றன. தூய்மை பேசும் ஆய்வுகள் இவற்றைக் களைய வேண்டிய கலப்பு எனக் கருதுகின்றன. இரு போக்குகளிலும் விடுபடுவது கலத்தின் மேல்தளம்.

கரையிலிருந்து காணும் கலம்

சங்கப் பாடல்களில் கலம் பெரும்பாலும் கரையிலிருந்தே காணப்படுகிறது. நெய்தல் திணையின் உரிப்பொருள் இரங்கல். இரங்குபவள் கரையில் நிற்கிறாள். அவள் கண்ணுக்கு எட்டுவனவே பாடலில் இடம்பெறுகின்றன. மருதன் இளநாகனாரின் அகநானூற்று 255ஆம் பாடல் இதற்குத் தக்க சான்று. பொருள்வயிற் பிரிந்த தலைவனை எண்ணித் தலைவி தோழியிடம் கூறும் அப்பாடலில், இரவும் பகலும் ஓயாத காற்றால் வங்கம் கடலைப் பிளந்து செல்கிறது. மாடத்து ஒளியைக் குறியாகக் கொண்டு நீகான் அதனைச் செலுத்துகிறான். காற்றின் தொடர்ச்சி, கலத்தின் பேருரு, கரை விளக்கு ஆகியன துல்லியமாகச் சொல்லப்படுகின்றன. நீகான் எதைப் பற்றி இழுத்துக் கலத்தைத் திருப்பினான் என்பது சொல்லப்படவில்லை. தலைவி அதனை அறிய வேண்டிய தேவையும் இல்லை.

பட்டினப்பாலையும் கலத்தை உச்சியிலிருந்தே அடையாளம் காண்கிறது. கட்டுத்தறியை அசைக்கும் களிறுகளைப் போலப் புகார்த் துறையில் அசைந்து நிற்கும் நாவாய்களில், கூம்பின் மேல் பறக்கும் கொடி பேசப்படுகிறது. கூம்பும் கொடியும் நெடுந்தொலைவிலிருந்து முதலில் தெரிபவை. இப்பாடல்களில் கலம் வருகிறது, நிற்கிறது, போகிறது. அதன் உள்ளே நிகழும் தொழில் பார்வைக்கு அப்பாற்பட்டது.

உறையூர் முதுகண்ணன் சாத்தனாரின் புறநானூற்று 30ஆம் பாடல் சற்று வேறுபட்டது. புகார்த் துறைக்குள் பெருங்கலம் ஒன்று மீப்பாயைக் களையாமலும், மேலே ஏற்றிய பாரத்தைக் குறைக்காமலும் புகுந்ததாக அது கூறுகிறது. சோழ நாட்டுத் துறையின் ஆழத்தைப் புகழ்வது புலவர் நோக்கம். ஆனால் அப்புகழ்ச்சி ஒரு நடைமுறையை மறைமுகமாகப் பதிவு செய்கிறது. ஆழமற்ற ஆற்றுமுகத்தில் நுழையும் கலம் பாயை இறக்க வேண்டும். பாரத்தைக் குறைத்து மிதப்பை உயர்த்த வேண்டும். வழக்கமாகச் செய்ய வேண்டியது இன்னதென்று அறிந்த ஒருவருக்கே அதைச் செய்யாமை வியப்பாகத் தோன்றும். மேல்தளத்தின் அறிவு இங்கே எதிர்மறை வடிவில் கரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

உடையும்போது தெரியும் உறுப்புகள்

கலத்தின் உறுப்புகள் ஒருங்கே பெயர் பெறும் இடம் புயல் உவமை. மதுரைக்காஞ்சியில் மதம் கொண்ட யானைக்கு, கடுங்காற்றில் சிக்கிய நாவாய் உவமையாகிறது. இறுகக் கட்டிய வலிய கயிறுகள் அறுகின்றன. இதை, அதாவது பாய், அடிபடுகிறது. கூம்பு அடியோடு முறிகிறது. நாவாய் சுழியில் அகப்படுகிறது. அங்கு வரும் ‘கல்’ என்னும் சொல்லை உரைமரபு நங்குரக் கல்லாகக் கொள்கிறது. மணிமேகலையின் பளிக்கறை புக்க காதையும் காலவேகம் என்னும் யானையின் வெறியைச் சொல்ல இதே உவமையை விரிக்கிறது. அங்கும் கூம்பு, கயிறு, இதை மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கெடுகின்றன.

இவ்விரு பகுதிகளும் ஒரே வாய்பாட்டைச் சேர்ந்தவை என்பதைச் சொல்லடைவே காட்டும். எனினும் அவ்வாய்பாட்டின் உள்ளடக்கம் கருதத்தக்கது. கலம் நலமாகச் செல்லும்போது அது ஒரு முழுமையாகத் தோன்றுகிறது. கட்டு அவிழும்போதுதான் எது எதைத் தாங்கி நின்றது என்பது வெளிப்படுகிறது. கயிறு அறுந்த பின் பாய் கட்டின்றிப் புடைக்கிறது. பாயின் விசையைத் தாங்க இயலாமல் கூம்பு முறிகிறது. கூம்பு முறிந்தபின் கலம் திசை இழக்கிறது. இவ்வரிசை கடலோடிகளின் பட்டறிவோடு பொருந்துவது. புலவர் கடலோடியாக இருந்திருக்க வேண்டியதில்லை. கடலோடிகளின் பேச்சைக் கேட்டவராக இருந்தால் போதும். ஆகவே, சங்க இலக்கியத்தில் மேல்தளச் சொற்கள் குறைவாக உள்ளமை கடலறிவின் குறைவைக் காட்டாது. அது பாடுவோர் நின்ற இடத்தைக் காட்டுகிறது.

இந்தப் பழைய அடுக்கிலும் தூய்மை வாதம் எளிதில் நிலைபெறாது. நீகான், மீகாமன் ஆகிய சொற்களைக் கலஞ்செலுத்துவோனைக் குறிக்கும் ‘நியாமக’ என்னும் பாலி, வடமொழிச் சொல்லோடு இணைத்துக் காணும் கருத்து உண்டு. அக்கருத்தை ஏற்பினும் மறுப்பினும், கலஞ்செலுத்துவோன் பல துறைகளில் பேசிப் பழகியவன் என்பது மறுக்க இயலாதது. அவன் பெயர் பல மொழிகளில் ஒத்து ஒலிப்பதில் வியப்பில்லை.

கட்டுவோர் சொல்லும் ஓட்டுவோர் சொல்லும்

பிற்காலக் கடற்கரை வழக்கையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி (1924–1936) போன்ற தொகுப்புகளையும் ஒருங்கே நோக்கினால், மரக்கலச் சொற்கள் ஏறத்தாழ இரு பகுதிகளாகப் பிரிகின்றன.

முதற்பகுதி கலத்தின் உடலைச் சார்ந்தது. முன்பகுதிக்கு அணியம், அடிமரத்துக்கு ஏரா, விலாச் சட்டத்துக்கு வங்கு, கலங்கட்டும் தச்சருக்கு ஓடாவி என்பன வழக்கு. இவற்றுட் சில மலையாளக் கரையிலும் வழங்குகின்றன. இச்சொற்கள் ஊர்க்கரையில், மரமும் உளியும் சார்ந்த தொழிலில் பிறந்தவை. ஓடாவியின் பட்டறையில் தந்தையிடமிருந்து மகனுக்குச் சொல் கைமாறுகிறது. பிறமொழியாளர் அங்கு வந்து சேரும் வாய்ப்பு குறைவு.

இரண்டாம் பகுதி கலத்தை ஓட்டுவதைச் சார்ந்தது. பாயை ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயைத் தாங்கும் குறுக்குமரம் பருமல். பாயின் கீழ்மூலையைக் கட்டுப்படுத்தும் கயிறு தாமான். இம்மூன்றும் மீனவர் வழக்கில் இயல்பாகக் கலந்தவை. கேட்போர் அவற்றை அயற்சொல் என ஐயுறுவதில்லை. ஆனால் இந்தியப் பெருங்கடலில் ஓடிய கப்பல்களின் லஸ்கர் எனப்பட்ட கப்பலாள்கள் பேசிய கலப்பு மொழியில் இவற்றுக்கு நெருங்கிய வடிவங்கள் உள்ளன. ஹாஞ்சா, பர்வான், தாமன் என்பன அவை. அக்கலப்பு மொழிக்குத் தாமஸ் ரோபக் 1811இல் கல்கத்தாவில் ஓர் அகராதியே வெளியிட்டார். பாரசீகத்தில் ‘தாமன்’ என்பது ஆடையின் கீழ்த்தொங்கலைக் குறிக்கும். பாயின் கீழ்மூலையை ஆடையின் தொங்கலாகக் கண்ட ஓர் உருவகம், மொழி மாறியும் கயிற்றின் பெயராக நிலைத்திருக்கிறது. மற்ற இரு சொற்களில் யாரிடமிருந்து யார் பெற்றனர் என்பதை ஒலியொப்புமை மட்டும் கொண்டு முடிவு செய்தல் தகாது. ஒரே கயிற்றை ஒரே கணத்தில் இழுக்க வேண்டிய பலமொழி மாந்தர் ஒரே சொல்லைக் கொண்டிருந்தனர் என்பது மட்டும் தெளிவு.

கட்டுவோர் சொல் ஊரிலும் ஓட்டுவோர் சொல் கடலிலும் வளர்ந்தன என்னும் இப்பகுப்புக்கு விலக்குகளும் உண்டு. பலகை இடுக்குகளை நார் முதலியவற்றால் அடைக்கும் தொழிலுக்குரிய ‘கலப்பற்று’ என்னும் சொல்லைக் கலம், பற்று எனப் பிரித்துத் தமிழாகவே காண்பது எளிது. ஆயினும் அரபு, போர்த்துக்கீசியம், இந்துஸ்தானி ஆகியவற்றில் இதே தொழிலைக் குறிக்கும் சொற்கள் இதனோடு ஒலியால் மிக நெருங்கியவை. தமிழ் உருவம் பொருத்தமாகத் தோன்றுவது மட்டுமே தமிழ்ப் பிறப்புக்குச் சான்றாகாது என்பதற்கு இச்சொல் ஓர் எச்சரிக்கை.

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ இக்கலப்பைக் கண்முன் நிறுத்தும் கலம். இரு பாய்மரங்களில் குறுக்குப் பாய்கள் பூண்ட அது, அமெரிக்கர் ஒருவர்க்கு விற்கப்பட்டு, தமிழ்க் கடலோடிகளுடன் பயணம் செய்து 1938இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. உடலைக் கட்டியது ஊர்க் கைத்திறன், பாயமைப்பு ஐரோப்பிய முறை, ஓட்டியவர் தமிழர். இக்கலத்தில் எது தூய தமிழ் எனப் பிரித்துக் காண முயல்வது, பாயை அவிழ்த்துவிட்டுக் கலம் ஓடுமா எனப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

உயர்ந்த சொல்லும் இறங்கிய சொல்லும்

பதவிப் பெயர்களில் பொருள் மாற்றம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அபுல் ஃபசல் எழுதிய ‘அயினி அக்பரி’ கப்பலாட்களின் வரிசையைத் தருகிறது. கப்பலுக்குரியவரான நாகுதா, வழியறிந்து செலுத்தும் முஅல்லிம், கப்பலாட்களின் தலைவரான தண்டேல், சர்ஹங், சுக்கான் பிடிப்போர் எனப் பலர் அதில் இடம்பெறுகின்றனர். தமிழில் வழங்கும் மாலுமி, தண்டல், சாரங்கு, சுக்கான் ஆகிய சொற்களின் உறவினர் அனைவரும் அங்கு உள்ளனர்.

முஅல்லிம் என்பதற்கு அரபில் ஆசிரியர் என்று பொருள். விண்மீன்களையும் ஆழத்தையும் கரைக்குறிகளையும் அறிந்தவர் என்பதால் கலத்தில் அவர் அப்பெயர் பெற்றார். தமிழில் அச்சொல் மாலுமியாகி, இன்று கப்பலில் தொழில் செய்யும் எவரையும் குறிக்கும் பொதுச்சொல்லாகிவிட்டது. தண்டலின் பயணம் இதற்கு நேர்மாறானது. பெருங்கப்பலில் ஆட்களை வேலை வாங்கும் நிலையினராக இருந்தவர், தூத்துக்குடித் தோணியில் கலத்தின் தலைவரே ஆகிறார். தண்டல் என்னும் சொல்லைத் துடுப்பைக் குறிக்கும் ‘தண்டு’ என்னும் தென்மொழிச் சொல்லோடு இணைக்கும் கருத்தும் உண்டு. அது பொருந்துமாயின், பாரசீகப் பட்டியலில் இடம்பெற்ற சொல் தென்கரையிலிருந்து சென்றதாகும்.

ஒரு சொல் இறங்கியது, ஒரு சொல் உயர்ந்தது. கடலிலிருந்து விலகி நின்ற எழுத்து வழக்கில், விண்மீன் அறிந்தவருக்கும் கயிறு இழுப்பவருக்கும் வேறுபாடு தேவைப்படவில்லை. எனவே மாலுமி பொதுப்பெயரானார். கரையோரத் தோணியிலோ நாகுதாவும் தனியொரு வழிகாட்டியும் இல்லை. இருந்த தலைமை தண்டலிடம் சேர்ந்தது. கலத்தின் அளவும் ஆளின் எண்ணிக்கையும் சொல்லின் பொருளில் படிந்திருக்கின்றன. தமிழிலிருந்து வெளியே சென்ற ‘கட்டுமரம்’ இதன் மறுபக்கம். வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரம் பதிவாகியுள்ளது. இன்று ஆங்கிலத்தில் அச்சொல் இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது. கட்டிய மரங்கள் அதில் இல்லை. கடன் வாங்கிய சொல்லைக் குறையாகவும் கடன் கொடுத்த சொல்லைப் பெருமையாகவும் காண்பது ஒரே நிகழ்வை இருவேறு அளவைகளால் அளப்பதாகும்.

காற்றின் பெயர்கள்

நிகண்டு மரபில் கீழ்க்காற்று கொண்டல், மேல்காற்று கோடை, வடகாற்று வாடை, தென்காற்று தென்றல். யாழ்ப்பாணக் கடற்கரை வழக்கில் கொண்டலும் வாடையும் அப்படியே நிற்கின்றன. கோடையின் இடத்தில் கச்சானும் தென்றலின் இடத்தில் சோளகமும் வழங்குகின்றன. நான்கில் இரண்டு மாறியமைக்குக் காரணம் தேட வேண்டும். தென்றல் இலக்கியத்தில் மென்மையின் பெயராயிற்று. கோடை வெயிற்காலத்தின் பெயராயிற்று. மாதக்கணக்கில் பாயை நிறைத்து அடிக்கும் பருவக்காற்றை மென்மையின் பெயரால் அழைத்துக் கலம் ஓட்ட இயலாது. இலக்கியம் எடுத்துக்கொண்ட சொற்களைக் கடல் கைவிட்டது எனலாம்.

நீரோட்டத்துக்குரிய ‘நீவாடு’ இன்னும் நுட்பமானது. வடக்கிலிருந்து வருவது வாநீவாடு, தெற்கிலிருந்து வருவது சோநீவாடு எனத் தென்கரை மீனவர் பகுப்பர். அம்முன்னொட்டுகளில் வாடையும் சோளகமும் கேட்கின்றன. காற்றையும் நீரோட்டத்தையும் சேர்த்தே கணிக்கும் அறிவு இரண்டெழுத்தில் சுருங்கியிருக்கிறது. கடலியல் கலைச்சொல் ஆக்கத்தில் ஈடுபடுவோர் புதுச்சொல் படைக்குமுன் இத்தகைய வழக்குகளைத் தேட வேண்டும்.

அகராதியும் புதினமும்

அகராதிகள் இச்சொற்களுட் பலவற்றைப் பதிவு செய்தமை பெருந்தொண்டு. குறை விளக்கத்தில் உள்ளது. கப்பற் கயிற்றுவகை, கப்பலின் ஓர் உறுப்பு என்னும் அளவில் நிற்கும் விளக்கங்களால், ஆஞ்சானையும் தாமானையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய இயலாது. கடலில் இவ்வேறுபாடு உயிர் சார்ந்தது. திடீர்க் காற்று அடிக்கும்போது தாமானைத் தளர்த்தினால் பாயின் விசை குறையும். அதனை இறுகக் கட்டி வைத்திருந்தால் கலம் கவிழக்கூடும். எனவே தாமானுக்குரிய விளக்கம், ‘பாயின் கீழ்மூலையில் கட்டி, காற்றின் திசைக்கும் வலிமைக்கும் ஏற்ப இழுத்தும் தளர்த்தியும் பாயை நிறுத்தும் கயிறு, காற்று மிகும்போது தளர்த்தப்படுவது’ என்றேனும் அமைய வேண்டும். எங்குக் கட்டப்படுவது, யார் கையில் இருப்பது, எப்போது இழுக்கப்படுவது என்னும் மூன்றும் இல்லாத விளக்கம், சொல்லைப் பெயராக மட்டும் காக்கிறது.

இக்குறையை ஒரு பகுதி நிரப்பியது புதினம். ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) கட்டுமர மீனவர் வாழ்வையும், சாகித்ய அகாதமி விருது பெற்ற ‘கொற்கை’ (2009) தோணித் தொழிலையும் துறைமுக நகரத்தையும் களமாகக் கொண்டவை. இவற்றில் பார்வை கரையை விட்டு மேல்தளத்துக்கு இடம் பெயர்கிறது. சொல் விளக்கமாக வராமல் ஏவலாக வருகிறது. சொல்லப்பட்டவுடன் ஒரு கை ஒரு கயிற்றைப் பற்றுகிறது. வாசகர் அச்செயலின் வழியே பொருளை உணர்கிறார். இந்நடை கடினமானது என்னும் குறை எழுவதுண்டு. அக்கடினம் எழுத்துத் தமிழ் கடலிலிருந்து எவ்வளவு தொலைவில் நின்றது என்பதன் அளவாகவும் கொள்ளத்தக்கது.

‘ஆழி சூழ் உலகு’ புயலில் சிக்கிக் கடலில் தத்தளிப்போரின் நிலையைச் சட்டகமாகக் கொண்டது கருதத்தக்கது. மதுரைக்காஞ்சியில் உடையும் நாவாய் யானைக்கு உவமையாக வந்தது. கலத்தில் இருந்தோர் அங்குப் பேசப்படவில்லை. புதினத்தில் உடைவே கதையின் இடமாகிறது. மரத்தைப் பற்றிக்கொண்டிருப்பவர்கள் பேசுகிறார்கள். நெய்தலின் இரங்கல் கரையில் நிற்பவளிடமிருந்து கடலில் கிடப்பவனிடம் செல்கிறது. மேல்தளச் சொற்கள் இலக்கியத்துக்குள் வருவதற்கு இவ்விடமாற்றம் தேவையாயிற்று.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. சங்கப் பாடல்களின் மரக்கலச் சொற்கள் கரைப்பார்வையின் எல்லைக்குட்பட்டவை. அவற்றைக் கொண்டு மட்டும் கடலறிவை அளத்தல் முறையன்று. பிற்கால வழக்கில் கலத்தின் உடலுக்குரிய சொற்கள் பெரும்பான்மையும் ஊர் சார்ந்தவை. ஓட்டத்துக்கும் பதவிக்கும் உரிய சொற்கள் இந்தியப் பெருங்கடலின் பொதுச் செல்வம். அச்சொற்கள் தமிழில் அடைந்த பொருள் மாற்றங்கள், தமிழர் எத்தகைய கலங்களில் என்ன நிலையில் தொழில் செய்தனர் என்பதற்கு நேரடிச் சான்றாகும்.

20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இயந்திரப் படகுகள் பரவியபின், பாயோடு சேர்ந்த சொற்களுக்குத் தொழில் இல்லாமற் போயிற்று. அணியம் இயந்திரப் படகிலும் உண்டு. தாமானுக்கு அங்கு இடமில்லை. பாய் ஓடிய காலத்தை உடலால் அறிந்தோர் முதியோராகிவிட்டனர். ஆகவே களப்பணி செய்வோர் சொற்பட்டியலோடு திரும்புதல் போதாது. முதியவரிடம் ஒரு சொல்லின் பொருளைக் கேட்பதைக் காட்டிலும், ஒரு கயிற்றை அவர் கையில் கொடுத்து, கொண்டல் அடித்தால் இதனை என்ன செய்வீர் எனக் கேட்பதே தக்க வினா. அவர் கை செய்யும் செயலையும் அப்போது அவர் சொல்லும் சொல்லையும் சேர்த்துப் பதிவு செய்தால், அச்சொல் பிறந்த மொழி எதுவாயினும், அது வாழ்ந்த இடம் தமிழ்க் கலமே என்பது விளங்கும்.